சூரியன் எருமையில் வந்த ஆண்டு

என் அக்கா மகளின் கல்யாணத்துக்குக் குறுக்கே ஓர் எருமை வந்து நின்றுவிட்டது என்ற செய்தி வந்தபோது நான் கோவையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மொபைலில் வரும் அழைப்புகளுக்கு இனிமேல் காசில்லை என்று அறிவித்து, ஊரே காதில் கை வைத்தபடி நடந்துகொண்டிருந்த வருடம் அது. அதனால் அக்கா அவசரப்படவில்லை.

"டேய், கல்யாணம் ஹோணார் நாஹிங்கறாங்கடா. எருமை வருதாமா."

நடக்காது என்பதற்கு மராட்டியில் அப்படிச் சொல்வார்கள். அக்கா கல்யாணமாகி, புனே பக்கத்து நிக்டிக்குப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. அவள் பேசும் தமிழ் வழியில் இரண்டு வண்டி மாறித்தான் வந்து சேரும்.

"எருமை எங்கே வருது?"

"எனக்கென்னடா தெரியும்? வானத்துலயாமா. பையன் வீட்ல காலண்டரைப் பாத்துச் சொல்றாங்க. கல்யாணப் பேச்சுல போயி எமன் வண்டியைக் கொண்டாந்து நிறுத்தறாங்க பாரு! உன் மச்சான் ரெண்டு நாளாச் சாப்பிடல. நீதான் நாலு புஸ்தகம் படிச்சவனாச்சே, வந்து பேசு சாமி."

நாலு புத்தகம் படித்தவனுக்கு எங்கள் குடும்பத்தில் இதுவரை ஒரே வேலைதான் இருந்தது: கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப் பிழை பார்ப்பது. இப்போது எருமை விரட்டுவதும் சேர்ந்துகொண்டது. தவிர, நான் பெண்ணுக்குத் தாய்மாமன். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் தாய்மாமன் இல்லாமல் ஒரு வெற்றிலைகூட நகராது. ரயிலேறினேன்.

புனேயில் இறங்கி, லோக்கல் ரயிலில் சிஞ்ச்வட் போய், அங்கிருந்து நிக்டிக்கு 'சிக்ஸ் சீட்டர்' என்ற வாகனத்தில் ஏறினேன். பெயரில்தான் ஆறு. ஓட்டுநருக்கு அது ஒரு கருத்து மட்டுமே. என் மடியில் முக்கால்வாசி வெந்தயக்கீரைக் கட்டும் கால்வாசி அதன் சொந்தக்காரம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஜூன் மாதத்தின் முதல் நாட்கள். ஊர் சட்டியில் போட்ட கடலை மாதிரி வறுபட்டுக்கொண்டிருந்தது.

"கேரளாவுக்கு மழை வந்தாச்சுன்னு ரேடியோ சொல்லுது" என்றார் எதிரே இருந்த பெரியவர், இந்தியில்.

"கேரளாவுல கிளம்பினா போதுமா? நடுவுல எத்தனை ஸ்டேஷன்ல நிக்குமோ" என்றார் கீரைக்காரம்மா. பிறகு என் பெட்டியைப் பார்த்து, "நீங்க தெற்கேயிருந்துதானே வர்றீங்க? வழியில பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

மழையைத்தான் கேட்டார். பின்னால் வருகிற உறவுக்காரரைப் பற்றி விசாரிப்பதுபோல அவ்வளவு சாதாரணமாக. பார்க்கவில்லை என்றேன். வண்டியிலிருந்த எல்லோரும் என்னை, கையில் முகவரி இருந்தும் கடிதத்தைத் தராமல் வந்த தபால்காரனைப்போல் பார்த்தார்கள்.

மச்சான் பால்கனியில் பேப்பரைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தார். அக்கா அரிசிம்பருப்பு சாதம் செய்திருந்தாள். அதில் நெய்க்குப் பதில் அவர் கோபம் மிதந்தது.

"மாப்ளே, மழையாவது எருமையாவது! எல்லாம் சாக்கு. சீமைக்குப் போற பையன். அங்க போனா இன்னும் பெரிய இடம் வரும்னு கணக்குப் போடறாங்க. பையனோட அப்பன் பிரபாகர்ராவும் நானும் ஒரே மெஷின் ஷாப்புல, ஒரே டப்பாவுல சாப்பிட்டவங்க. மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லியிருந்தா எந்திரிச்சு வந்திருப்பேன். எருமையைக் காட்டறான்!"

விஷயம் இதுதான். பெண் சுகன்யா, பையன் மந்தார், இருவருக்கும் ஹிஞ்சேவாடியில் ஒரே கம்பெனியில் வேலை. பிடித்துப்போனதும் அவர்களாகவே பேசி, பெற்றோரைப் பேச வைத்து, ஜூன் நடுவில் தேதி குறித்து, 'லான்ஸ்' என்று இங்கே சொல்லும் திறந்தவெளிப் புல்தரை மண்டபமும் பிடித்தாயிற்று. மாதக் கடைசியில் மந்தாரைக் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. இந்த நேரத்தில் பையன் வீட்டார், தேதியைத் தீபாவளிக்குப் பிறகு தள்ளலாமா என்கிறார்கள். இடையில் மழைக்காலத்துக்கு அவர்களிடம் முகூர்த்தம் கிடையாது. நமக்கு ஆடி. தீபாவளிக்குப் பையன் இங்கே இருக்கப்போவதில்லை. தள்ளுவது என்றால் நிறுத்துவது என்றுதான் மச்சானுக்குக் கேட்டது. அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை நான் மட்டும் சிஞ்ச்வட்டில் அவர்கள் ஃபிளாட்டுக்குப் போனேன். பிரபாகர்ராவ் ஒல்லியாக, பேசும்போது கையால் அளவெடுக்கும் மனிதர். எங்கள் பேச்சு அரைகுறை இந்தியில்தான். முதலில் வாசனையோடு அவல் உப்புமா வந்தது. போஹா என்பார்கள். அதற்குமேல் தேங்காயும் கொத்தமல்லியும் தூவி, பக்கத்தில் ஒரு துண்டு எலுமிச்சையும் வைத்து, எதிரிக்குக்கூட மறுக்க மனம் வராதபடி தருவார்கள். நான் எதிரியும் இல்லை. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

பிறகு சமையலறைச் சுவரிலிருந்த காலண்டரை அவர் கழற்றிக்கொண்டு வந்தார். எருமை அங்கேதான் இருந்தது.

சூரியன் ஒவ்வொரு நட்சத்திரத்துக்குள் நுழையும்போதும் ஒரு விலங்கின்மேல் ஏறி வருகிறான். மழைக்கால நட்சத்திரங்களுக்கு மராட்டியர்கள் இதைக் கவனமாகப் பார்க்கிறார்கள். யானை, எருமை, தவளை என்றால் நல்ல மழை. மயில், கழுதை என்றால் சுமார். நரி, ஆடு என்றால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். குதிரை என்றால் மலைமேல் மட்டும் பெய்துவிட்டு ஓடிவிடுமாம். மழைக்காலத்தைத் தொடங்கி வைப்பது மிருக நட்சத்திரம், நம் மிருகசீரிடம். இந்த வருடம் அதற்கு எருமை.

"எங்க ஊர்ல எருமைன்னா எமன்" என்றேன்.

"எங்க ஊர்லயும் எமன்தான். ஆனா ஜூன்ல அதுக்கு வேற ட்யூட்டி" என்றார்.

நமக்கும் இது புதிதில்லை. தை பிறக்கும்போது சங்கராந்திப் புருஷன் என்ன வாகனத்தில் வருகிறான் என்று நம் பஞ்சாங்கமும் எழுதுகிறது. நாம் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு ராசிபலனுக்குப் போய்விடுகிறோம். அங்கே நம் பெயர் இருக்கிறதல்லவா?

படித்தவனாக அழைக்கப்பட்டவன் படித்ததைக் காட்ட வேண்டும். மிருகம் என்பது மான். படைப்புக் கடவுள் மான் வடிவெடுத்து ஓடினார், ருத்திரன் வேடனாக வந்து அம்பெய்தான், அம்பு தைத்த மான்தான் வானத்தில் நிற்கிறது என்ற பழைய கதையை எடுத்துவிட்டேன். "அந்த மான் யாரைத் துரத்திக்கொண்டு ஓடியது தெரியுமா?" என்று கேட்ட பிறகுதான், அது தன் சொந்த மகளையே என்பதும், நான் உட்கார்ந்திருப்பது சம்பந்தி வீடு என்பதும் சேர்ந்து நினைவுக்கு வந்தன. "ஏதோ ஒன்றைத் துரத்தியது" என்று முடித்தேன். பிரபாகர்ராவுக்குக் கதை தெரிந்திருந்தது. மரியாதையாக எலுமிச்சைத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் பிறகு அவர் சொன்ன ஒன்று என்னோடு இன்றுவரை இருக்கிறது. "மார்கழி இரவுகளில் மானும் வேடனும் மொட்டைமாடிக்கு நேர் மேலே நிற்பார்கள். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஜூன் மாதம் சூரியன் அந்த இடத்துக்கே போய்விடுவதால் மானைப் பார்க்கவே முடியாது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சமயத்தில்தான் ஊரே மிருகம் மிருகம் என்று பேசுகிறது."

நம் சிவன் கையில் ஒரு மான் இருக்கிறது. தாருகாவனத்து முனிவர்கள் ஏவிய மான் என்று நாம் கதை சொல்கிறோம். அது வானத்திலிருந்து தப்பி இறங்கிய இதே மானாக இருந்தாலும் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றியது. வேடனும் அவன்தான், கையில் ஏந்திக் காப்பவனும் அவன்தான்.

இப்படி இருவரும் வானத்திலேயே சுற்றிவிட்டுத் தரைக்கு வந்தபோது, வந்த காரியம் அப்படியே கிடந்தது. லான்ஸ் முழுவதற்கும் கெட்டியாக மேற்கூரை போட்டுவிடலாம், ஒரு சொட்டு உள்ளே வராது என்றேன். பிரபாகர்ராவ் தலையை ஆட்டினார். "கூரை இருக்கட்டும் சாகேப். மழை வந்தால் யார் வருவார்கள்?" என்றார். நனைந்துகொண்டு யார் வருவார்கள் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பஸ் வைக்கிறோம், குடை தருகிறோம் என்றேன். அவர் இன்னொரு தட்டு போஹா வேண்டுமா என்று கேட்டார்.

அதற்கு அடுத்த நாள் சுகன்யா அரை நாள் லீவு போட்டு, என்னை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டாள். புனேப் பெண்கள் வண்டி ஓட்டும்போது துப்பட்டாவால் முகம் முழுவதையும் சுற்றிக்கொள்கிறார்கள். கண்கள் மட்டும் தெரியும். சம்பல் கொள்ளைக்காரியால் கடத்தப்படும் குமாஸ்தா மாதிரி நான் ஹிஞ்சேவாடிப் பக்கம் போனேன். கம்பெனி கார்கள் வரிசையாக நின்று ஒன்றையொன்று ஹாரனால் திட்டிக்கொண்டிருந்த இடத்தில், சாலையோரம் ஒரு கொன்றை மரம், இலையே தெரியாமல் சரம் சரமாக மஞ்சள் பூத்து நின்றது. அதன் நிழலில் வண்டியை நிறுத்தினாள்.

"மாமா, இது பஹாவா. இது ஃபுல்லா பூத்தா மழை கிட்ட வந்திருச்சுன்னு மந்தார் சொல்லுவான். தமிழ்ல என்ன?"

"கொன்றை. சிவன் தலையில வெச்சுக்கற பூ. நம்ம பழைய பாட்டுக்காரங்களுக்கும் இதுதான் காலண்டர். மழை வர்றதுக்குள்ள திரும்பி வந்துடறேன்னு சொல்லிட்டுத் தலைவன் போயிருப்பான். இங்கே கொன்றை பூத்துடும். அவன் வந்திருக்க மாட்டான். தோழி என்ன சொல்லுவா தெரியுமா? 'இந்த மரத்துக்கு அறிவில்லை, கார்காலம் இன்னும் வரல, அது தப்பாப் பூத்திருக்கு'ன்னு சொல்லுவா."

சுகன்யா முகத்துணியை அவிழ்த்தாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

"அந்தப் பொண்ணுக்கு மழை வந்தா ஆள் வருவான். எனக்கு மழை வந்தா ஆள் போவான். நல்லா இருக்கு மாமா உங்க லிட்ரேச்சர்."

உதிர்ந்த பூவை மிதித்துக்கொண்டு நின்றாள். பிறகு, தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "எங்க டீம்ல ஒருத்தி வெயிட் பண்ணினா. ஒன் இயர்னு போனவன் வரவே இல்ல. மந்தார் அப்படி இல்ல, எனக்குத் தெரியும். ஆனா அப்பா கிட்ட எப்படிப் புரிய வைக்கிறது? அப்பா ஒருவாட்டி மனசு விட்டுட்டா திரும்ப மாட்டார் மாமா. எருமை வரட்டும், யானை வரட்டும், எனக்கு ஓகே. டேட் மட்டும் மாறக்கூடாது."

"அவங்களுக்கு என்னதான் பிரச்சினை?"

"தத்தா மாமா. மந்தாரோட தாய்மாமா. மந்தார் ஸ்கூல் படிச்சதெல்லாம் அவர் வீட்ல. அவர் பின்னாடி நிக்காம இவன் மாலை போட மாட்டான். அவர் மழை வந்தா வர மாட்டாராம்."

அப்படிச் சொல்! விஷயம் ஒரு கிழவரின் சளித்தொல்லையில் வந்து நிற்கிறதா? எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நானும் ஒரு தாய்மாமன். தாய்மாமனுக்குத் தாய்மாமன் பேசினால் தீராதது என்ன? மூடிய கார் அனுப்புவோம், மேலே தகரக் கொட்டகை, கையில் வெந்நீர் பிளாஸ்க்!

பிரபாகர்ராவுடன் ஜுன்னர் பக்கத்திலிருந்த அந்தக் கிராமத்துக்கு அரசுப் பேருந்தில் கிளம்பினேன். சிவப்புத் தகரப் பெட்டி. ஜன்னல் கண்ணாடிகள் பாதி வழியில் மூச்சு வாங்க நின்ற மாதிரி நின்றிருந்தன. மேலேயும் போகாது, கீழேயும் வராது. மஞ்சர் என்ற ஊருக்கு முன்னால் டயர் வெடித்தது. இதே நம் ஊராக இருந்தால் நடத்துனரைச் சுற்றி ஒரு பொதுக்கூட்டம் கூடியிருக்கும். இங்கே எல்லோரும் இறங்கி, இதற்காகவே வந்தவர்கள்போல எதிர்க்கடையில் மிசல் சாப்பிட உட்கார்ந்தார்கள். முளைகட்டிய பயறு, அதன்மேல் மிக்சர், அதன்மேல் சிவப்பாக ஒரு குழம்பு. அந்தக் குழம்பை அக்னி நட்சத்திரத்தில் காய்ச்சி வைத்திருக்க வேண்டும். கண்ணீரோடு சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர், "பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறாரா?" என்று பிரபாகர்ராவிடம் பரிவோடு விசாரித்தார்.

தத்தா மாமாவிடம் சளி கிடையாது. நான் எதிர்பார்த்த கிழவரும் அவரில்லை. என் வயதுதான் இருக்கும். கதவு மாதிரி தோள், வெள்ளைத் தொப்பி, எடுத்தெறிந்து பேசும் வாய். வீட்டு முற்றத்தில் விதை போடும் கலப்பையின் கயிறுகளை மாற்றிக்கொண்டிருந்தார். சுற்றிலும் அவருடைய பங்காளிகள் ஐந்தாறு பேர். விதைக் கம்பு சாக்குகள் சுவரோரம் நின்றன.

நான் என் பேச்சை எடுத்தேன். கார் என்றேன். கொட்டகை என்றேன். "எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மேலே தகரம் போட்டுவிடுவோம், ஒரு சொட்டு விழாது" என்றேன். பிரபாகர்ராவ் அதை மராட்டியில் சொன்னார். தத்தா மாமா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கேட்டார்:

"பாவுணே, என் வயலுக்குமா தகரம் போடுவீர்கள்?"

பாவுணே என்றால் விருந்தாளி. முற்றமே சிரித்தது. ஒரு பங்காளி தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கிய பிறகு, சிறு குழந்தைக்குச் சொல்வதுபோல அவர் எனக்குச் சொன்னார். மிருகத்தில் மழை இறங்கினால் மண் பதமாக இருப்பது கொஞ்ச நாள்தான். அந்தப் பதத்தில் விதை விழ வேண்டும். தவறினால் அந்த வருடம் தவறியது. ஊரில் ஒரு ஆணும் பெண்ணும் வீட்டில் இருக்க மாட்டார்கள். சிஞ்ச்வட் போய்த் திரும்புவது என்றால் ஒரு பகல் போய்விடும். "நனைவதற்கு நாங்கள் பயப்படுவதா? நனையாமல் இருக்கத்தான் பயம். அவனை இந்த முற்றத்தில் வளர்த்தேன். அவனுக்குப் பின்னால் நான் நிற்காமல் வேறு எவன் நிற்பான்? நீங்களும் மாமாதானே, சொல்லுங்கள்."

மழை என்றால் கூரை என்று மட்டுமே எனக்குத் தோன்றியிருக்கிறது. ஃபிளாட்டில் இருப்பவனுக்கு மழை துணி காயாத பிரச்சினை. மானும் வேடனும், கொன்றையும் தோழியும் என்று அத்தனை கதையையும் தெரிந்துவைத்திருந்தேன். அவை எதற்காகச் சொல்லப்பட்டன என்பது மட்டும் நினைவில் இல்லை. யாரோ ஒருவர் கையில் விதையோடு காத்திருந்ததால்தான் அந்த மான் வானத்துக்கே போனது.

"அப்படியானால் இந்த எருமையை நம்புகிறீர்களா?" என்று கேட்டேன்.

"காலண்டர் அச்சடிப்பவனுக்கு நிலமா இருக்கிறது?" என்றார் தத்தா மாமா. "தரையில் சிவப்புப் பூச்சி வரட்டும், நம்புகிறேன்."

முதல் மழைக்குப் பிறகு வெல்வெட் துணியைக் கிள்ளிப் போட்டதுபோல மண்ணில் ஊரும் அந்தப் பூச்சியைத்தான் சொன்னார். நம் பட்டுப்பூச்சி. சிறுவயதில் தீப்பெட்டியில் மண் போட்டு வளர்க்க முயலாதவர் யார்? அவர்களுக்கு அது மிருகப் பூச்சி. பழைய நூல்களில் இந்திரகோபம், மழைக் கடவுளான இந்திரனின் காவலில் இருப்பது. இதையும் சொல்லிவைத்தேன். "இந்திரன் காவல் காக்கிறானா? வருடத்தில் மிச்ச நாளெல்லாம் எங்கே வைத்திருக்கிறான்?" என்று கேட்டார் ஒரு பங்காளி.

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. டீ வந்தது. வெயில் சாய்ந்தது. அப்போது தெருக்கோடியில் புழுதி எழும்பியது. மேயப் போன மாடுகள் திரும்பின. மணிச்சத்தமும் புழுதியுமாக ஒவ்வொன்றும் தன் தன் வாசலில் திரும்பி நுழைந்தது. அவற்றின் பின்னாலேயே ஊரும் திரும்பியது. வயல் வேலையிலிருந்து பெண்கள், தோளில் மண்வெட்டியோடு ஆண்கள். சற்றுமுன் வெறிச்சோடியிருந்த தெருவில் நடக்க இடமில்லை.

"இந்த நேரத்தில் எல்லோரும் இருப்பார்களா?" என்று கேட்டேன். "மழை வந்தாலும்?"

"இருட்டில் எவன் விதைப்பான்?" என்றார் தத்தா மாமா.

"அப்படியானால் கல்யாணத்தை இந்த நேரத்தில் வைத்தால் என்ன? இங்கேயே?"

பிரபாகர்ராவ் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "கோரஜ்!" என்றார். மாடு வீடு திரும்பும்போது குளம்படியில் புழுதி கிளம்பும் வேளை. நம் பஞ்சாங்கத்திலும் கோதூளி லக்னம் என்று இருக்கிறது. வேறு எந்தக் குற்றமும் அண்டாத முகூர்த்தம் என்று அவர்களிடம் அதற்கு மதிப்பு. இந்த யோசனையை நான் கண்டுபிடித்ததாகத்தான் அக்கா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கண்டுபிடித்தவை மாடுகள். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மச்சானிடம் சொல்வதுதான் மிச்சம். பிரபாகர்ராவையும் கையோடு அழைத்துக்கொண்டு போனேன். மச்சான் அவரைப் பார்த்ததும் பேப்பரை உயர்த்தினார்.

"பொழுது சாயற நேரத்துல தாலி கட்டற பழக்கம் நம்ம பரம்பரையிலேயே கிடையாது மாப்ளே."

"நம்ம பரம்பரையில புனேயே கிடையாது மச்சான்."

அக்கா சமையலறையிலிருந்து, "அட, விளக்கு வெக்கற நேரம்ப்பா அது. லட்சுமி வர்ற நேரம். காலைல நாலு மணிக்கு எந்திரிக்கற பாடு இல்ல" என்றாள். தூக்கம்தான் அவள் கட்சி.

பிரபாகர்ராவ் விதைப்பைப் பற்றி, மைத்துனரைப் பற்றி, இந்தியில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். மச்சான் பேப்பருக்குப் பின்னாலேயே இருந்தார். கடைசியில் பேப்பர் மெல்ல இறங்கியது.

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? எருமை எருமைன்னா எனக்கென்ன தெரியும்? எங்கப்பனும் இதே மாதிரி சோளம் விதைக்கப் போயிட்டு என் நிச்சயத்துக்கு வரலையே!"

இந்தத் தகவல் அக்காவுக்கே புதிது. "காய்ச்சல்னுதானே சொன்னீங்க?" என்று கரண்டியோடு வெளியே வந்தாள். பிரபாகர்ராவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அன்று மச்சான் இரண்டாம் தடவை சாதம் கேட்டு வாங்கினார்.

மிருகம் பிறந்தது. எருமை வரவில்லை. கல்யாண நாளும் வந்தது. அப்போதும் வரவில்லை.

நிக்டியில் காலையிலேயே எங்கள் சீர்களை முடித்துக்கொண்டு கிராமத்துக்குப் போனோம். வானம் துடைத்துவைத்த தட்டுபோல இருந்தது. எங்கள் பக்கத்து உறவுகளுக்கு மகா சந்தோஷம். "பாரு, ஒரு மேகம் இல்ல. நல்ல ராசிக்காரப் பொண்ணு!" என்று வந்தவர்களெல்லாம் சுகன்யாவின் கன்னத்தைக் கிள்ளினார்கள். ஊர்க்காரர்கள் எங்களுக்குப் பூரண்போளிமேல் நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றினார்கள். சிரித்தார்கள், உபசரித்தார்கள். இடையிடையே மேற்கே பார்த்தார்கள்.

மாடுகள் திரும்பின. மழையே இல்லாததால் புழுதிக்குக் குறைவில்லை. இதைவிடச் சுத்தமான கோதூளி இருக்க முடியாது. பெண்ணுக்கும் பையனுக்கும் நடுவே ஒரு துணியைப் பிடித்தார்கள். பெண்ணுக்குப் பின்னால் நான், பையனுக்குப் பின்னால் தத்தா மாமா. மங்கலப் பாட்டின் ஒவ்வொரு அடி முடிவிலும் 'சாவதான்' என்று குரல் எழும்ப, எல்லோரும் அரிசி எறிந்தார்கள். கவனமாயிரு என்று அர்த்தம். கல்யாணத்தில் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

எதிரெதிரே நின்றதால் எனக்கு அவர் முகம் தெரிந்தது. ஒரு கை மந்தாரின் தோளில் இருந்தது. வாய் பாட்டோடு அசைந்தது. கண் மட்டும் எங்கள் தலைகளுக்கு மேலே போய்ப்போய் வந்தது. அந்தப் பகல் முழுவதும் அவர் வயலில் இல்லாமல் கல்யாண வீட்டில் இருக்க முடிந்ததற்குக் காரணம் மழை வராததுதான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல்யாண வீட்டில் நின்றுகொண்டு, கடவுளே, மழை பெய்து தொலையட்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டேன். எந்த மழைக்கு எதிராக அத்தனை தூரம் ரயிலேறி வந்தேனோ அதே மழைக்காக.

துணி விலகியது. மாலை விழுந்தது. மச்சான் எடுத்துக்கொடுக்க, மந்தார் தாலி கட்டினான். அக்கா இரண்டு மொழிகளில் அழுதாள்.

கிளம்பும்போது தத்தா மாமாவிடம், "எருமை ஏமாற்றிவிட்டதே" என்றேன்.

"எருமை எப்போது வேகமாக நடந்தது?" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை.

கோவைக்குத் திரும்பினேன். தினமும் காலையில் பேப்பரில், இத்தனை வருடமாகக் கையில் எடுத்தும் படிக்காத வானிலைப் பகுதியை முதலில் படித்தேன். மகாராஷ்டிரத்தில் மழை தாமதம் என்றே போட்டிருந்தார்கள். யாரோ என் சொந்த நிலத்தைப் பற்றிக் கேவலமாக எழுதுவதுபோல் இருந்தது.

மாதக் கடைசியில் ஒருநாள் மதியம் சுகன்யா கூப்பிட்டாள். பின்னணியில் ஏதோ கொட்டும் சத்தம். வறுகடலைச் சட்டியில் தண்ணீர் ஊற்றியதுபோல.

"மாமா, எருமை வந்திருச்சு! மூணு நாளா நிக்கல. ரோடெல்லாம் தண்ணி. மந்தாரை ஏத்திவிட்டுட்டு இப்பதான் வந்தேன். ஃப்ளைட் லேட்."

"அழுதியா?"

"கொஞ்சமா. இனிமே விசா பேப்பர் வரணும், நானும் போகணும். மாமா, கேளுங்க. வழியனுப்ப அந்த ஊர்லேருந்து ஒருத்தர்கூட வரல. தத்தா மாமா வரல. அத்தனை பேர் வர்றேன்னாங்க. ஏர்போர்ட்ல நாங்க நாலு பேர்தான். மந்தார் போன் பண்ணினா எடுக்க ஆளே இல்ல. அவனுக்கு ஒரே சிரிப்பு. உள்ளே போற வரைக்கும் சிரிச்சுட்டே போனான்."

"ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பலையா?"

"அனுப்பினாரு. காய்கறி டெம்போவுல வந்தவர்கிட்ட ஒரு தீப்பெட்டி. அவ்வளவுதான். திறந்து பார்த்தா—"

அதற்குள் பின்னால் அக்காவின் அலறல் குறுக்கே வந்தது. "அய்யோ, சோபா மேல ஏறுதுடீ! செக்கச்செவேல்னு! டேய், அந்தப் பூச்சிக்கு என்னமோ பேரு சொன்னியே, யாரு காவல் காக்கறான்னு சொன்னே? அவனை உடனே வரச்சொல்லு!"